எம்பி எனும் ஈரடிச் சொல்: தரவு வீத அலகுகளைத் தமிழில் எழுதும் முறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சேமிப்பகங்களின் அளவும் வேகமும் பைட்டிலும், தொலைத்தொடர்பு இணைப்புகளின் வீதம் பிட்டிலும் கூறப்படுவது உலக வழக்கு. உரோமன் எழுத்தில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரு பெரிய எழுத்தும் ஒரு சிறிய எழுத்தும் மட்டுமே. தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடு இல்லை. ஆகவே ‘எம்பி’, ‘கேபி’ என எழுதும்போது எட்டு மடங்கு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது. தமிழ்க் கலைச்சொல்லாக்கம் வேர்ச்சொல் விவாதத்திலேயே நின்று, சுருக்கக் குறியீட்டைக் கவனியாது விட்டதை இக்கட்டுரை விமரிசிக்கிறது. போடிநாயக்கனூரின் ஏலக்காய் வணிகத்தில் நிலவும் அளவை வழக்கு இதற்கு ஒப்புநோக்காகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: பிட்டு, பைட்டு, எண்பிட்டு, தரவு வீதம், கலைச்சொல்லாக்கம், அளவைப் பெயர், போடிநாயக்கனூர்.

முன்னுரை

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரும் இடுக்கி மாவட்டத்தின் புற்றடியும் ஏலக்காய் மின்னேலம் நடைபெறும் மையங்கள். நறுமணப் பொருள்கள் வாரியம் எனப்படும் ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் நிகழும் இவ்வேலத்தில் வணிகர் கையில் காயின் மாதிரி இருக்கும். எதிரே திரையில் குவியலின் எடையும் கிலோவுக்கான விலையும் இருக்கும். போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கீழிறங்கும் காய், ஏலக்கூடத்தில் முழுவதும் எண்ணாகவே மாறிவிடுகிறது. அவ்வெண்ணைச் சுமந்து செல்வது ஒரு தொலைத்தொடர்பு இணைப்பு. அதனைக் காத்து வைப்பது ஒரு சேமிப்பகம். முன்னது பிட்டில் அளக்கப்படுகிறது, பின்னது பைட்டில்.

அதே ஊரின் கடைத்தெருவில் இணைய இணைப்பு விற்போர் ‘50 எம்பி வேகம்’ என்று எழுதுகின்றனர். கைப்பேசி விற்போர் ‘50 எம்பி செயலி’ என்கின்றனர். முதலாவது மெகாபிட்டு, இரண்டாவது மெகாபைட்டு. இரண்டையும் வாசிப்பவர், அச்செயலி ஒரு நொடியில் இறங்கிவிடும் என்று கணக்கிடுவது இயல்பே. உண்மையில் எட்டு நொடி ஆகும். ஏமாற்றியவர் எவரும் இல்லை, ஏமாற்றியது எழுத்து.

எழுத்து மறைத்த வேறுபாடு

உரோமன் எழுத்தில் பிட்டுக்குச் சிறிய ‘பி’யும் பைட்டுக்குப் பெரிய ‘பி’யும் குறியாகின்றன. மிக மெலிந்த வேறுபாடுதான். ஆங்கிலத்திலேயே கவனமற்றோர் அதைத் தவறவிடுகின்றனர். ஆயினும் அங்கே அவ்வேறுபாடு தாளில் இருக்கிறது. தேடுவோர் காண முடியும். தமிழில் எழுத்துப்பெயர்த்த அக்கணமே அது அழிந்துபோகிறது. ‘எம்பி’ என்பதை எத்தனை முறை கூர்ந்து நோக்கினும் அதற்குள் பிட்டோ பைட்டோ புலப்படாது. (நாடாளுமன்ற உறுப்பினரையும் தமிழ்நாட்டார் இச்சொல்லாலேயே குறிப்பது தனிக்கதை.)

நம் கலைச்சொல்லாக்க முயற்சிகள் இவ்விடத்தில் என்ன செய்தன? ‘பிட்’ என்பதற்குத் துணுக்கு எனலாமா, நுண்மி எனலாமா, பிட்டு என ஒலிபெயர்க்கலாமா என்ற விவாதம் நீண்டது. ‘பைட்’ என்பதற்கு எண்பிட்டு எனவும் பைட்டு எனவும் வழங்கினர். இவை ஒவ்வொன்றும் சொல்லளவில் பொருந்துவனவே. ஆனால் அன்றாடம் எவரும் முழுச்சொல்லை எழுதுவதில்லை. விளம்பரம், செய்தி, பயனர் கையேடு, வகுப்பறைக் குறிப்பு ஆகிய அனைத்திலும் வாழ்வது சுருக்கமே. சுருக்கம் எப்படி அமைய வேண்டும் என்பதைச் சொல்லாக்குவோர் தம் பணிக்கு உட்பட்டதாகக் கருதவில்லை. விளைவாக, சொற்பட்டியலில் தூய தமிழும் தெருவில் ‘எம்பி’யும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே வாழ்கின்றன.

அளவைப் பெயர்களைத் தனி இனமாக நோக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் தொகைமரபு, அளவுப் பெயருக்கும் நிறைப் பெயருக்கும் முதலாகும் எழுத்துகள் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ ஆகிய ஒன்பது என வரையறுக்கிறது. அவ்வரையறையின்படி பிட்டும் பைட்டும் துணுக்கும் உள்ளே வரும். கிலோவும் மெகாவும் வரும். எண்பிட்டு வெளியே நிற்கும். ஜிகாவும் டெராவும் வாயிலுக்கே வர இயலா. இதனை இன்று விதியாகக் கொள்ளச் சொல்வது நகைப்புக்குரியது. அளவையின் பெயர் எவ்வெழுத்தில் தொடங்குகிறது என்பது வரை கவலைப்பட்ட ஓர் இலக்கண மரபின் வழிவந்தோர், ஓர் அலகையும் அதன் எட்டு மடங்கையும் ஒரே இரண்டெழுத்தால் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காகவே இங்குக் கூறப்படுகிறது.

எண்பிட்டின் நிறையும் குறையும்

எண்பிட்டு என்ற சொல்லைக் கேலி செய்தோர் உண்டு. மதுரையை அடுத்து வாழ்வோருக்குப் பிட்டு என்றவுடன் வந்தியின் பிட்டே நினைவுக்கு வரும். எட்டுப் பிட்டு என்றால் பசிதான் வரும். ஆயினும் இச்சொல்லுக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு: மாற்றுக்காரணி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பைட்டு என்ற ஒலிபெயர்ப்பைக் கேட்டவர் எட்டு என்பதை வேறாக மனப்பாடம் செய்ய வேண்டும். எண்பிட்டைக் கேட்டவருக்கு அவ்வுழைப்பு வேண்டா.

பிரெஞ்சு மொழி இதே வழியைத் தேர்ந்தது. அங்கே பைட்டுக்கு ‘ஓக்டெட்’ என்பதே பெருவழக்கு. எட்டின் தொகுதி என்பது அதன் பொருள். அதனால் அதன் குறியும் ‘ஓ’ ஆயிற்று. பிட்டின் குறியாகிய ‘பி’யோடு மோதும் வாய்ப்பே இல்லாமற்போயிற்று. பிரெஞ்சு பயன்படுத்துவதும் உரோமன் எழுத்தே. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அதற்கும் உண்டு. இருந்தும் அம்மெலிந்த வேறுபாட்டை நம்பாமல் வேறு முதலெழுத்தை நாடியது. பன்னாட்டுத் தொலைத்தொடர்புத் தரங்களும் ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டிய இடங்களில் ஓக்டெட்டையே ஆள்கின்றன. பெரிய, சிறிய எழுத்து வேறுபாடே இல்லாத தமிழுக்கு இவ்வழி இன்னும் இன்றியமையாதது. கையில் அதற்கான சொல்லும் இருந்தது. அச்சொல்லை உருவாக்கியவர்களே அதன் முதலெழுத்தைக் குறியீடாக்க முன்வரவில்லை என்பதே என் குறை.

எண்பிட்டின் குறைகளையும் மறைக்கலாகாது. முதலாவது, ‘எண்’ என்பது எட்டையும் குறிக்கும், எண்ணிக்கையையும் குறிக்கும். ‘டிஜிட்டல்’ என்பதற்கு எண்முறை, எண்ணிம என வழங்கும் சூழலில் எண்பிட்டை ‘எண்ணால் ஆகிய பிட்டு’ என மாணவர் பிழைபடக் கொள்ள இடமுண்டு. இரண்டாவது, வரலாற்றுப் பொருத்தமின்மை. 1956இல் ஐபிஎம் நிறுவனத்தில் வெர்னர் புக்ஹோல்ட்ஸ் ‘பைட்’ என்ற சொல்லை ஆக்கியபோது அது எட்டுப் பிட்டைக் குறிக்கவில்லை. ஒரு குறியீட்டுக்கான பிட்டுத் தொகுதியையே குறித்தது. ஆறு பிட்டுக் குறியீடுகளும் ஏழு தட நாடாக்களும் வழங்கிய காலம் அது. 1964இல் வந்த சிஸ்டம்/360 வரிசைதான் எட்டை நிலைபெறச் செய்தது. ஆகவே பழைய நாடாக்களைப் பற்றி எழுதுபவர் ‘ஆறு பிட்டுள்ள எண்பிட்டு’ என எழுத நேரும். அது ஐந்து கால் நாற்காலி போன்றது. அத்தகைய வரலாற்று எழுத்துக்குப் பைட்டு என்பதே தகும். ஒரே பொருளுக்கு இரு சொல் இருப்பது இங்குக் குறையன்று.

எதை எண்ணுகிறோம்?

எட்டால் வகுத்தால் மாற்றம் முடிந்தது என்று கற்பிக்கும் நூல்கள், சிக்கலின் எளிய பாதியை மட்டுமே கற்பிக்கின்றன. மலையில் ஏலக்காய் எடுப்போர் அறிந்த ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ‘நூறு கிலோ காய்’ என்று சரிவில் எவரேனும் சொன்னால் கேட்பவர் உடனே வினவுவது: பச்சையா, உலர்ந்ததா? ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தே ஒரு கிலோ ஆகிறது. அலகு இரண்டிலும் கிலோதான். எண்ணப்படும் பொருளின் நிலை வேறு. அதுபோலவே தரம். ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்னும் அக்மார்க் தரத்துக்கு 7 மில்லிமீட்டர் பருமனும் லிட்டருக்கு 435 கிராம் எடையும் வேண்டும். முகத்தலையும் நிறுத்தலையும் இணைக்கும் எண் இங்கே வெறும் மாற்றுக்காரணி அன்று. காயின் திரட்சியையே அது சொல்லிவிடுகிறது.

தரவுக் கடத்தலிலும் பச்சையும் உலர்வும் உண்டு. தொடர்முறைத் தடத்தில் 9600 பிட்டு வீதமுள்ள பழைய மோடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் நொடிக்கு 1200 பைட்டு. ஆனால் ஒத்தியங்காத முறையில் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னே ஒரு தொடக்கப் பிட்டும் பின்னே ஒரு நிறுத்தப் பிட்டும் செல்லும். ஆகவே பத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது 960 பைட்டு. தந்தி அச்சுப்பொறியான டெலக்ஸில் கணக்கு மேலும் விசித்திரமானது: 50 பாட் வீதம், ஓர் எழுத்துக்கு ஐந்து தரவு அலகு, ஒரு தொடக்க அலகு, ஒன்றரை நிறுத்த அலகு, மொத்தம் ஏழரை. போடிநாயக்கனூரின் பெயரை உரோமன் எழுத்தில் பதின்மூன்று எழுத்தாக அனுப்ப 1.95 நொடி ஆகும். பாட்டும் பிட்டும் ஒன்றென எழுதுவோர் இவ்விடத்தில் தப்பிப் பிழைக்கலாம். 2400 பாட் வீதத்தில் 9600 பிட்டு அனுப்பும் வி.32 மோடத்தில் தப்ப இயலாது. பாட் எண்ணுவது கம்பியில் நிகழும் குறிமாற்றங்களை. ஒரு மாற்றம் நான்கு பிட்டைச் சுமக்கலாம்.

பழைய சேமிப்பகத்தில் நேரெதிரான வலை உண்டு. 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பெற்ற ஐபிஎம் 370/155 போன்ற பொறிகளின் காலத்துக் காந்த நாடாக்கள் ‘அங்குலத்துக்கு 1600 பிட்டு’, ‘6250 பிட்டு’ எனக் குறிக்கப்பட்டன. இங்கே எட்டால் வகுப்பது பிழை. நாடாவில் ஒன்பது தடங்கள். எட்டில் தரவு, ஒன்றில் சரிபார்ப்புப் பிட்டு. கூறப்படும் அடர்த்தி ஒரு தடத்துக்கானது. ஆகவே நாடாவின் ஓரங்குலத்தில் 6250 பைட்டு அமைகிறது. பெயரில் பிட்டு, பயனில் பைட்டு.

இவ்விரண்டு வலைகளும் ஒரு கணக்கில் சேரும்போது பிழை எவ்வளவு பெருகும் என்பதைக் காணலாம். 2400 அடி நீளமுள்ள 6250 அடர்த்தி நாடாவை இடைவெளியின்றி நிரப்பினால் 28,800 அங்குலத்தில் 18 கோடி பைட்டு அடங்கும். அதை இ1 எனப்படும் தொலைத்தொடர்பு இணைப்பில் அனுப்புவோம். அதன் வீதம் நொடிக்கு 2.048 மெகாபிட்டு. ‘180 எம்பி, 2.048 எம்பி’ என்று தமிழில் எழுதி வகுத்தால் விடை 88 நொடி. பிட்டாக்கி வகுத்தால் 703 நொடி. இ1 இணைப்பின் 32 கால்வாய்களில் தரவுக்கு 30 மட்டும் கிடைப்பதாகக் கொண்டால் 750 நொடி, அதாவது பன்னிரண்டரை நிமிடம். அதே நாடாவை 9600 மோடத்தில் அனுப்பினால் 52 மணி 5 நிமிடம். தொடக்க, நிறுத்தப் பிட்டுகளை மறந்து கணக்கிட்டவர் 41 மணி 40 நிமிடத்தில் முடியுமென நம்பிக் காத்திருப்பார். சென்னையில் இரவுப் பேருந்தேறி, பன்னிரண்டு மணி நேரத்தில் போடிக்கு நாடாவைக் கையிலேயே கொண்டுவந்தால், அப்பேருந்தின் தரவு வீதம் நொடிக்கு 33,333 பிட்டு. மோடத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல்.

ஆயிரமும் ஆயிரத்து இருபத்து நான்கும்

மாநிலப் பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூல், கிலோபைட்டு என்பது 1024 பைட்டு எனக் கற்பிக்கிறது. நினைவகத்துக்கு அது நெடுநாள் வழக்கே. ஆனால் தொலைத்தொடர்பில் கிலோ எப்போதும் ஆயிரமே. ஒரு குரல் கால்வாயின் 64 கிலோபிட்டு என்பது நொடிக்கு 8000 மாதிரி, மாதிரிக்கு 8 பிட்டு, ஆக 64,000. அத்தகைய 32 கால்வாய் சேர்ந்து 2048 கிலோபிட்டு. 2048 என்ற எண் இரண்டின் அடுக்காகத் தோன்றுவதால் பலர் மயங்குகின்றனர். அதன் கிலோ பதின்மக் கிலோதான். அதனைப் பைட்டாக்கினால் ஆயிரம் கணக்கில் 256 கிலோபைட்டு. 1024 கணக்கில் சரியாக 250. நெகிழ்வட்டின் ‘1.44 மெகாபைட்டு’ இவ்விரு வழக்கையும் கலந்து பிறந்தது: 1440 முறை 1024, அதாவது 14,74,560 பைட்டு. அந்த மெகா பத்து இலட்சமும் அன்று, 10,48,576உம் அன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட 10,24,000. ஒரே எண்ணில் இரு ஊரின் படியால் அளந்தது போன்றது இது.

இதனைத் தீர்க்க 1998இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 அடிப்படைக்குக் கிபி, மெபி, கிபி எனத் தனி முன்னொட்டுகளை அளித்தது. இத்தொடரில் முதற்சொல்லும் மூன்றாம் சொல்லும் ஒன்றாகத் தெரிவது அச்சுப்பிழை அன்று. முதலாவது கிலோவின் வழிவந்தது, வல்லொலியுடையது. மூன்றாவது ஜிகாவின் வழிவந்தது, அதன் முதலொலி மெல்லிய ககரம். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே கிபி. பத்து இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இங்கே ஒரு ககரத்தில் புதைந்துவிடுகிறது. பன்னாட்டு முன்னொட்டை ஒலிபெயர்த்தால் போதும் என்ற கொள்கை முறிந்துவிழும் இடம் இது. ‘இருமக் கிலோபைட்டு’, ‘இரும ஜிகாபைட்டு’ என அடைகொடுத்து எழுதுவதே வழி.

இரட்டிப்பும் பாதியாக்கலும் தமிழ் அளவைக்கு அந்நியமல்ல. அரை, கால், அரைக்கால், மாகாணி என இறங்கும் பின்னப் பெயர்கள் ஒவ்வொன்றும் முன்னதன் பாதி. ஒரு பைட்டில் பிட்டு எவ்வளவு என்று கேட்டால் அரைக்கால் என்பதே விடை. நூறு மெகாபிட்டின் அரைக்கால் பன்னிரண்டரை மெகாபைட்டு. வகுப்பறையில் ‘எட்டால் வகு’ என்பதை மறந்தோரும் அரைக்காலை மறக்கமாட்டார்.

தமிழ் எழுத்தின் சொந்த எடை

தமிழாசிரியருக்கு இக்கணக்கில் என்ன பங்கு என வினவலாம். போடிநாயக்கனூர் என்பது எட்டெழுத்து. ஒருங்குறியில் அது 14 குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் குறியெண்ணுக்கு மூன்று பைட்டாக 42 பைட்டு. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு ஏற்ற டேஸ்16 முறையில் எழுத்துக்கு 16 பிட்டாக 16 பைட்டு. முன்சொன்ன 960 பைட்டு மோடத்தில் இப்பெயர் முதல் முறையில் நொடிக்கு 22 தடவை முழுமையாகச் செல்லும். இரண்டாம் முறையில் 60 தடவை. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட்டு. ஏழு பிட்டு உரோமன் எழுத்தாயின் 160 அடங்கும். தமிழாயின் 70 குறியெண். உரோமன் வடிவில் ஊர்ப்பெயரைப் பன்னிரண்டு முறை எழுதலாம். தமிழில் ஐந்தே முறை. ஏல விலையைத் தமிழில் அனுப்பும் செய்தி இரண்டாகப் பிளந்து, இரண்டு செய்தியாகக் கணக்கிடப்படுவதன் காரணம் இதுவே. ‘தமிழ் இடத்தை அடைக்கிறது’ என்ற பொதுக்குறை பலரிடம் கேட்டதுண்டு. மொழிக்கும் குறியாக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அலகு வழியே விளக்காதவரை அக்குறை நீங்காது.

வேகம் என்ற சொல்லும் ஆய்வுக்குரியது. ஏலக்கூடத்தில் ஒரு விலைக்கேட்பு சில நூறு பைட்டுக்கு மேற்படாது. 256 கிலோபிட்டு இணைப்பிலும் அது நொடியின் சிறு பின்னத்தில் ஏறிவிடும். 2004இல் அகலக்கற்றைக்கு இந்தியா வகுத்த குறைந்த அளவு அதுவே. 2013இல் 512 கிலோபிட்டாகவும் 2023இல் 2 மெகாபிட்டாகவும் உயர்ந்தது. வணிகரைப் பாதிப்பது வீதமன்று. அழுத்திய பொத்தான் அடுத்த முனையில் பதியும் வரை கழியும் தாமதம். ‘வேகமான இணைப்பு’ என்ற தமிழ்த்தொடர் இரண்டையும் விழுங்கிவிடுகிறது. வீதம், தாமதம் என்ற இரு எளிய சொற்கள் நம்மிடம் இருக்க, விளம்பரத்தின் ‘வேகத்தை’ ஆய்வுக்கட்டுரைகளும் கடன்வாங்குவது வருந்தத்தக்கது.

எழுதுமுறை குறித்த முன்மொழிவு

ஆய்விதழ்களும் பாடநூல்களும் ‘எம்பி’, ‘கேபி’, ‘ஜிபி’ ஆகியவற்றை அறவே விடலாம். முழுவடிவாக மெகாபிட்டு, மெகாபைட்டு என எழுதுவதால் கூடும் இடம் சில எழுத்தே. சுருக்கம் தவிர்க்கவியலாத அட்டவணைகளில் ‘மெ.பி.’ என்பது பிட்டுக்கும், ‘மெ.எ.’ என்பது எண்பிட்டுக்கும் நிற்கலாம். முதலெழுத்து வேறானமையால் மயக்கம் இல்லை. வீதமாயின் ‘நொடிக்கு’ என்பதை விடாது எழுத வேண்டும். கொள்ளளவும் வீதமும் ‘எம்பி’யில் ஒன்றானதும் இதே சோம்பலால்தான். நாடா அடர்த்தியைத் ‘தடமொன்றில் அங்குலத்துக்கு 6250 பிட்டு’ எனவும், மோடத்தின் வீதத்தைத் ‘தொடக்க, நிறுத்தப் பிட்டு உட்பட நொடிக்கு 9600 பிட்டு’ எனவும் எழுதினால், பச்சையா உலர்ந்ததா என்ற கேள்விக்கு விடை அலகோடு சேர்ந்தே வந்துவிடும்.

‘எ’ என்னும் சுருக்கத்துக்கு ஒரு தடை சொல்லப்படலாம்: தமிழ் எண்குறிகளில் ஏழைக் குறிக்கும் வடிவமும் எகரமே. இன்றைய அட்டவணைகளில் தமிழ் எண்கள் அரிதாகவே வருவதால் நடைமுறையில் இடர் சிறிது. கல்வெட்டுத் தரவுகளைத் தொகுப்போர் மட்டும் ‘எண்பி.’ என நீட்டி எழுதிக்கொள்ளலாம்.